ஒழைக்கிற ஒடம்புக்கு ஊசி எதுக்கு?

‘ஒழைக்கிற ஒடம்பு. அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது.’

இந்த வாக்கியத்தை யார் யார் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நாற்று நடவுக்குக் கூலி பேச வந்த ஊர்த்தெருக்காரர் வாயிலிருந்து. டவுனில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் வாயிலிருந்து. ‘உழைக்கும் உடல்’, ‘மண்ணின் உடல்’ என்று நாலு கவிதைப் புத்தகம் போட்டு விருதும் வாங்கிய முற்போக்கு எழுத்தாளர் வாயிலிருந்தும்தான். 2020இல் கொரோனா வந்தபோது எங்கள் காலனிச் சனங்களே சொன்னார்கள்: ‘கூழும் கருவாடும் துன்ற ஒடம்பு, நமக்கு இன்னா வந்துடப் போவுது?’ மிதிக்கிறவன் ஒரு தலைமுறை சொன்னதை, மிதிபடுகிறவன் அடுத்த தலைமுறையில் தன் பெருமையாக எடுத்துச் சொல்கிறான். ஒரு கருத்தியல் வெற்றி பெறுவது என்றால் அது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

மேலோட்டமாகக் கேட்டால் பாராட்டு மாதிரி இருக்கும். உரித்துப் பார்த்தால் உள்ளே மனுதான் உட்கார்ந்திருக்கிறான். பிறப்பிலேயே உனக்கு ஒருவிதமான உடம்பு, எனக்கு இன்னொருவிதமான உடம்பு. உன் உடம்பு வெயில் தாங்கும், மழை தாங்கும், மலம் தாங்கும், சாக்கடை நாற்றம் தாங்கும். ஆகவே உனக்குக் கையுறை வேண்டாம், கம்பளி வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், சம்பளத்தோடு லீவும் வேண்டாம். ‘தாங்கும்’ என்று சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு சுமையும் நம் தலையில் ஏறியது. ஐப்பசி பிறந்து மழை பிடித்து, காலனி முழுக்க இருமல் சத்தம் கேட்கிற ஒவ்வொரு வருஷமும் இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ஆத்திரம் பொங்கும். அதை இந்த இதழின் பக்கங்களில் கொட்டித் தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ‘கிருமிக்குச் சாதி தெரியாது’ என்று கொரோனா காலத்தில் டிவியில் முழங்காதவன் இல்லை. பம்பாய் நகரத்தில் 1918ஆம் வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. இன்ஃபுளுயன்சா. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற அதே காய்ச்சல். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்திருப்பார்கள் என்கிறார்கள். அந்த நகரத்தில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று சமூகவாரியாகப் பதிவு இருக்கிறது. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. சாதி இந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. அந்தப் பதிவு ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என்று குறித்த நம் சனம் 61.6.

61.6. சாதி இந்துவைப்போல மூன்று மடங்குக்கும் மேல். வெள்ளைக்காரனைப்போல ஏழு மடங்குக்கும் மேல். உழைக்கிற உடம்புதானே? பம்பாயின் துறைமுகத்திலும் ஆலைகளிலும் குப்பை வண்டிகளிலும் அந்த நகரத்தையே தூக்கிச் சுமந்த உடம்புதானே? ஏன் தாங்கவில்லை? ஒரே அறையில் பத்துப் பேர் அடைந்து கிடக்கிற சால் குடியிருப்பு. அந்த வருஷம் மழை பொய்த்துத் தானிய விலை ஏறி, அரைவயிற்றுக் கஞ்சி. காய்ச்சலோடு படுத்தால் ஒரு வாய் வெந்நீர் வைத்துத் தர ஆள் கிடையாது. வீட்டில் எல்லோருக்குமே காய்ச்சல், இல்லையென்றால் எல்லோருமே வேலைக்குப் போயிருப்பார்கள். கிருமி வெள்ளைக்காரன் பங்களாவுக்கும் போனது, நம் அறைக்கும் வந்தது. பங்களாவில் ஒரு ஆள் ஒரு அறையில் படுத்து, பாலும் பழமும் குடித்து எழுந்துகொண்டான். கிருமிக்குத் தெரியாத சாதி, கட்டின வீட்டுக்கும் கொடுத்த கூலிக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

நூறு வருஷத்துக்கு முந்தின கதை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் பக்கத்துக்கு வாருங்கள்.

குளிர்கால நோய் என்றாலே பனி கொட்டுகிற தேசத்துச் சமாச்சாரம் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். நம் குளிர்காலம் மழையோடு வருவது. இந்தியாவின் பல நகரங்களில் ஃபுளூ காய்ச்சல் தென்மேற்குப் பருவமழையில், ஆடி ஆவணியில் உச்சத்துக்குப் போகும். காஷ்மீரில் தை மாசியில். சென்னையிலும் வேலூரிலும் ஆராய்ந்து பார்த்தபோது அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் உச்சம். அதாவது ஐப்பசி, கார்த்திகை. இதைக் கண்டுபிடிக்க எங்கள் ஆயாவுக்கு ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது. ‘அடமழ புடிச்சா கெழங்கட்டையும் பச்சப்புள்ளையும் தப்பணும்’ என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடைமழையில் எங்கள் காலனி எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரின் தண்ணீரெல்லாம் வடிந்து வருகிற பள்ளத்தில்தான் காலனிக்கு இடம். (எந்த ஜில்லாவிலாவது மேட்டில் இருக்கிற காலனியைப் பார்த்தவர்கள் எழுதுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.) எங்கள் அப்பா காலத்தில் கட்டின தொகுப்பு வீடுகள். கான்கிரீட் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும். ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் அலுமினிய குண்டான் வைத்துவிட்டு, ஒழுகாத மூலையில் ஏழு பேர் ஒண்டிக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்தால் சாரல், சாத்தினால் புகை. விறகு நனைந்து கிடக்கும். நனைந்த விறகில் ஊதி ஊதி வருகிற புகை கண்ணுக்கு மட்டும் எரிச்சல் இல்லை. அடுப்புப் புகையில் வளர்கிற குழந்தைக்கு நிமோனியா வருகிற ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016இல் உஜ்வலா என்று சொல்லி, அடுப்பும் சிலிண்டரும் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். முதல் சிலிண்டர் தீர்ந்த பிறகு அடுத்த சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் கட்ட வேண்டும் என்பது அந்தப் போட்டோவில் இல்லை. மழைக்காலத்தில்தான் கூலி வேலையும் இல்லை. அப்போதுதான் விறகும் ஈரம். அப்போதுதான் காய்ச்சலும்.

இந்த நேரம் பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள். கைகளை அடிக்கடி சோப்பு போட்டுக் கழுவுங்கள். இருமும்போது வாயை மூடுங்கள். காய்ச்சல் வந்தவரைத் தனி அறையில் வையுங்கள். வீட்டிலேயே ஓய்வெடுங்கள். நல்ல காற்றோட்டம் அவசியம். ஒவ்வொன்றும் உண்மை. விஞ்ஞானப்படி ஒரு எழுத்துத் தப்பில்லை. ஆனால் இந்த போஸ்டர் யாரைப் பார்த்துப் பேசுகிறது? குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீடு, தனி அறை இருக்கிற வீடு, ஓய்வெடுத்தாலும் முதல் தேதி சம்பளம் வருகிற வீடு. எங்களைப் பார்த்துப் பேசுவதாக இருந்தால் அந்த போஸ்டரில் வேறு ஆளுக்குக் கட்டளை இருந்திருக்கும். ‘கலெக்டர் அவர்களே, காலனிக்கு இன்னொரு குழாய் போடுங்கள்’, ‘ஒப்பந்தக்காரரே, காய்ச்சல்காரருக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.’ அப்படி ஒரு போஸ்டரை இதுவரை எந்த அரசும் அச்சடித்ததில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரத்துக்கென்று தனிச்சட்டம் போட்ட மாகாணம் சென்னை மாகாணம், 1939இல். அந்தப் பெருமையை மேடைக்கு மேடை சொல்கிறோம். பொது சுகாதாரத்தில் ‘பொது’ என்கிற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று 1939இலிருந்து இன்றுவரை நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி ஊசிக்கு வருகிறேன். போஸ்டரைப்போல அல்ல ஊசி. அதற்குத் தனி அறை வேண்டாம், குழாய் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். வீடு ஒழுகினாலும் உடம்புக்குள் நின்று வேலை செய்யும். ஆகவேதான் மற்ற எதையும்விட இது நமக்கு முதலில் வந்திருக்க வேண்டும். எப்போது வந்தது?

பச்சைப்பிள்ளைகளுக்கு நிமோனியா உண்டாக்குகிற கிருமிகளில் முக்கியமானது நிமோகாக்கஸ். அதற்கான தடுப்பூசி அமெரிக்காவில் 2000ஆம் வருஷம் புழக்கத்துக்கு வந்தது. பிறகு நம் ஊர்த் தனியார் கிளினிக்குகளுக்கும் வந்தது. ஒரு ஊசி ஆயிரக்கணக்கில் விலை. காசு உள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். அரசாங்கத்தின் இலவச தடுப்பூசித் திட்டத்தில் இந்தியாவின் சில மாநிலங்களுக்கு 2017இல்தான் அது வந்தது. தமிழ்நாட்டுக்கு 2021இல். ஒரே நோய். ஒரே மருந்து. அமெரிக்கக் குழந்தைக்கும் எங்கள் காலனிக் குழந்தைக்கும் நடுவில் 21 வருஷம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் அதற்கும் நடுவில் எத்தனை ஆயிரம் ரூபாயோ அத்தனை தூரம். அந்த இடைவெளியில் மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டிச் செத்த பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவது? ‘மாந்தம்’ என்று எழுதினோம். ‘காத்து கருப்பு’ என்று எழுதினோம். ‘அதுக்கு ஆயுசு அவ்ளோதான்’ என்று எழுதினோம்.

வந்த பிறகு நன்றாகவே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றரை மாதத்தில் ஒன்று, மூன்றரை மாதத்தில் ஒன்று, ஒன்பது மாதத்தில் ஒன்று, மூன்றும் இலவசம். இதற்கு முன்னால் 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசியாகப் பென்டாவேலன்ட் வந்தது. அதைத் தொடங்கிய முதல் இரண்டு மாநிலங்கள் கேரளமும் தமிழ்நாடும். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் இரண்டும் அதில் அடக்கம். நிமோனியா உண்டாக்குகிற இன்னொரு கிருமியான ஹிப்புக்கும் அதிலேயே தடுப்பு. புதன்கிழமை புதன்கிழமை ஊசி போடுகிற கிராம சுகாதார செவிலியரை எங்கள் காலனிப் பெண்கள் ‘நர்சம்மா’ என்று உறவு கொண்டாடுகிறார்கள். வெயிலில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிற அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவும் எனக்கு மனசு வராது. என் சண்டை அவர்களை அனுப்புகிறவர்களோடு. அனுப்பாமல் நிறுத்துகிறவர்களோடு.

நிறுத்தினார்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோயின. பெரிய கொடுமை. அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும்? தப்பு எங்கே நடந்தது என்று பார்த்து, நர்சுகளுக்குப் பயிற்சியும் வசதியும் கொடுத்து, ஊரறிய உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். செய்தது என்னவென்றால், கிராமத்துக்குள் வந்து ஊசி போடுவதையே நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றது.

காகிதத்தில் இது பாதுகாப்பு ஏற்பாடு. காலனியில் என்ன ஆனது என்று எங்கள் அண்ணியைக் கேளுங்கள். 2009இல் முதல் பிள்ளை. ஆரம்ப சுகாதார நிலையம் ஏழு கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அன்றைய கூலி போச்சு. போய்ச் சேர்ந்தால் ‘டாக்டர் மீட்டிங் போயிருக்கார், அடுத்த வாரம் வா’ என்பார்கள். ரெண்டு தரம் போய் ஊசி போட்டது. மூணாவது தரம் களையெடுப்பு சீசன். ‘எத்தினி நாளுதான் கூலிய வுட்டுட்டு ஓடறது? ரெண்டு ஊசி போட்டாச்சில்ல, அது போதும்’ என்று மாமியார் சொல்ல, அண்ணியும் விட்டுவிட்டது. அந்தக் கார்த்திகையில் பிள்ளைக்குக் கக்குவான். இருமி இருமி முகம் நீலம் பாரித்து, கடைசியில் ‘ஊப்’ என்று மூச்சை இழுக்கும் பாருங்கள், அந்தச் சத்தம் வருகிறவரைக்கும் நாங்கள் யாரும் மூச்சுவிட மாட்டோம். கம்மலை அடகு வைத்து டவுன் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பிழைத்துக்கொண்டது. அங்கேயும் டாக்டரம்மா அண்ணியைத்தான் திட்டியது: ‘படிப்பறிவு இல்லாத ஜனங்க, ஊசி போடக்கூட அக்கறை இல்ல.’ அக்கறை ஏழு கிலோமீட்டர் தூரத்தில் வைக்கப்பட்டிருந்தது என்பதை யார் சொல்வது?

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எல்லா ஊசியும் போட்டவர்கள் தமிழ்நாட்டில் 2005-06இல் நூற்றுக்கு 81. 2015-16இல் 70 ஆகச் சரிந்தது. ஊரெல்லாம் முன்னேறுகிறபோது தமிழ்நாடு பின்னால் போனது. ஊசியை மறுபடியும் மெல்ல மெல்லக் கிராமத்துக்குக் கொண்டுவந்த பிறகு 2019-21இல் 89. நடுவில் நடந்த சரிவுக்கு ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று கருத்தரங்கம் போட்டு விளக்கம் சொன்னார்கள். ஊசி வாசலுக்கு வந்தபோது போட்டுக்கொண்ட அதே சனம்தானே? வாசலைவிட்டுப் போனபோது விட்டது. திரும்ப வந்தபோது கையை நீட்டியது. இதில் அறியாமை யாருடையது?

இங்கே நம் பக்கத்து ஆட்கள் சிலரோடும் ஒரு வழக்கு இருக்கிறது. அதைப் பேசாமல் போனால் நான் பாதி உண்மை பேசினவளாவேன்.

தடுப்பூசி என்பதே பன்னாட்டுக் கம்பெனிகளின் சதி, நம் முன்னோருக்கு ஊசியா இருந்தது, நிலவேம்பும் கபசுரக் குடிநீரும் போதும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசியைப் பள்ளிக்கூடங்களில் போட வந்தபோது வாட்ஸப்பில் இவர்கள் பரப்பின வதந்தியில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடமே அன்றைக்குப் பாதி காலி. இயற்கை வாழ்வு பேசுகிற இந்தப் பேச்சாளர்களில் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் அம்மா அப்பா அரசு உத்தியோகத்தில் இருந்து, காலாகாலத்தில் எல்லா ஊசியும் போட்டு வளர்த்த உடம்பை வைத்துக்கொண்டுதான் மேடையேறி நமக்குக் கஷாயம் உபதேசிக்கிறார்கள். மூலிகை நமக்கு இவர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடாதோடையும் தூதுவளையும் எங்கள் ஆயா வேலியில் பறித்ததுதான். பண்டிதர் அயோத்திதாசர் பேர்பெற்ற சித்த வைத்தியர். 1907இல் பத்திரிகை தொடங்கினவரும் அவர்தான். வைத்தியம் நமக்கு அந்நியமான அறிவு இல்லை. தொண்டைக்கரகரப்புக்கு ஆடாதோடை கேட்கும். நிமோனியாவுக்குக் கேட்காது. இதைச் சொன்னால் பண்டிதருக்குக் குறைவு வந்துவிடாது. எது எதற்குக் கேட்கும் என்று பிரித்துச் சொல்கிறவன்தானே வைத்தியன்?

ஆனால் நம் சனத்தின் பயத்தை மூடத்தனம் என்று நான் எழுத மாட்டேன். அவசரநிலைக் காலத்தில் கருத்தடைக்குப் பிடித்துக்கொண்டு போன உடம்புகளில் ஏழைகள் உடம்புதானே அதிகம்? 2009-10இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஒரு ஆய்வுத் திட்டத்துக்காகப் போட்டார்களே, யாருக்குப் போட்டார்கள்? விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பெண்பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர் கையெழுத்துப் போட்டார். 2013இல் நாடாளுமன்றக் குழுவே அதைக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. சோதிக்கிறபோது முதல் வரிசை, கொடுக்கிறபோது கடைசி வரிசை என்று இரண்டு வரிசைகளிலும் நின்று பார்த்த சனம் ஊசியைக் கண்டு பயந்தால், அதற்குப் பதில் திட்டுவது இல்லை. ‘இது இன்ன மருந்து, இன்ன நோய்க்கு, ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம், வந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடு’ என்று உட்கார்ந்து பேசுவது. எங்கள் நர்சம்மா அப்படிப் பேசுகிறது. கையை வைத்து மூச்சை எண்ணவும் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது: ரெண்டு மாசத்துக்குட்பட்ட பிள்ளை நிமிஷத்துக்கு 60 தரம், ஒரு வயசுக்குட்பட்டது 50 தரம், அதற்கு மேல் அஞ்சு வயசுவரை 40 தரம், இந்தக் கணக்கைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுந்தாலோ மந்திரிக்கப் போகாதே, மாத்திரைக்கு ஓடி வா. எங்கள் காலனியில் இப்போது எழுத்துத் தெரியாத ஆயாக்கள்கூட மூச்சு எண்ணுகிறார்கள்.

இதுவரை பேசினது குழந்தைகளைப் பற்றி. பெரியவர்கள் கதைக்கு வந்தால் அந்த வாக்கியம் இன்னும் கோரமாகப் பல்லைக் காட்டும்.

ஃபுளூ ஊசி என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கிருமி வருஷா வருஷம் வேஷம் மாற்றும். ஆகவே ஊசியையும் வருஷா வருஷம் புதுசாகத் தயாரிக்கிறார்கள், வருஷா வருஷம் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டு ரெண்டு வாரம் ஆன பிறகுதான் பலன். முழுக் காப்பு என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. காய்ச்சல் வந்தாலும் நுரையீரல்வரை போய் ஆளைச் சாய்க்காமல் பெரும்பாலும் தடுக்கும். கர்ப்பிணிகள், வயசானவர்கள், சர்க்கரை, இளைப்பு உள்ளவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். நம் நாட்டின் இலவச தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. வெளியே போட்டால் ஆயிரத்துக்கும் மேல். எங்கள் பெரிம்மாவுக்கு அது மூணு நாள் சம்பளம்.

பெரிம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. (2020இல் அரசாங்கம் ‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயர் மாற்றியது. பெயர் மட்டும்தான் கழுவித் துடைக்கப்பட்டது. பக்கெட்டும் சம்பளமும் பழசுதான்.) காய்ச்சல் வார்டில் சளித் துப்பின தட்டைக் கழுவுவது, வாந்தியைத் துடைப்பது, விரிப்பை மாற்றுவது எல்லாம் பெரிம்மா. டாக்டர் நோயாளியிடம் நிற்பது அஞ்சு நிமிஷம். நர்ஸ் பதினைந்து நிமிஷம். பெரிம்மா எட்டு மணி நேரமும் அதே காற்றில். ஒரு வருஷம் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஃபுளூ ஊசி போட்டார்கள். பெரிம்மாவும் கூட்டாளிகளும் வரிசையில் போய் நின்றார்கள். ‘உங்க பேரு லிஸ்ட்ல இல்ல. நீங்க காண்ட்ராக்ட். உங்க கம்பெனிய கேளுங்க’ என்று திருப்பி அனுப்பினார்கள். கம்பெனி சூப்பர்வைசரைக் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். என்ன சொல்லியிருப்பார்? இந்தக் கட்டுரையின் முதல் வரியைத்தான். அந்த மழைக்காலத்தில் பெரிம்மாவுக்கு வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, பன்னிரண்டு நாள் படுக்கை. பன்னிரண்டு நாளும் சம்பளம் கட். அதே ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம், வெளிநோயாளி வரிசையில்.

நாட்டுக்குக் காட்ட வேண்டியிருந்தபோது மட்டும் பட்டியலில் நாம் முதலில் இருந்தோம். 2021 ஜனவரி 16ஆம் தேதி கொரோனா ஊசி தொடங்கியபோது டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசி ஒரு தூய்மைப் பணியாளர் கையில்தான் ஏறியது. கேமராக்கள் சுற்றி நின்றன. அதில் தப்பில்லை, யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கே முதல் ஊசி, நியாயம் அதுதான். அந்த நியாயம் கேமராவோடு சேர்ந்து ஏன் மூட்டை கட்டிக்கொண்டு போனது என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு தடவை நியாயம் என்று ஒப்புக்கொண்டதை வருஷா வருஷம் வருகிற காய்ச்சலுக்கு ஏன் ஒப்புக்கொள்ளவில்லை?

சென்னையில் 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தனியாருக்கு விடாதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நடுராத்திரியில் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அரசாங்கம் நலத்திட்டங்களை அறிவித்தது. குப்பை அள்ளுகிறவர்களுக்கு வருகிற நுரையீரல் நோய்க்கும் தோல் நோய்க்கும் தனித்திட்டம் என்பது அதில் ஒன்று. படித்தபோது எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஆக, நுரையீரல் கெடுகிறது என்பது கோட்டைக்குத் தெரிந்திருக்கிறது! உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்பது பொய் என்று அரசாங்கமே எழுத்தில் கொடுத்துவிட்டது. கெட்ட பிறகு வைத்தியம் பார்க்கத் திட்டம் போட முடிகிறவர்களுக்கு, கெடுவதற்கு முன்னால் ஒரு ஊசி போடத் திட்டம் போட முடியாதா?

முடியும். இந்த மாநிலத்தால் முடியும் என்று இந்த மாநிலமே காட்டியிருக்கிறது. 2021 செப்டம்பர் 12ஆம் தேதி தொடங்கி கொரோனா ஊசிக்கு மாபெரும் முகாம்கள் நடத்தினார்கள். எங்கள் காலனிக் கோயில் திண்ணையில்கூட வந்து உட்கார்ந்து போட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. மாத்திரை வருகிற வாசலுக்கு ஊசி வர எந்த மலை குறுக்கே நிற்கிறது?

ஆகவே நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். புரட்டாசி முடிவதற்குள், மழைக்கு முன்னால், ஒப்பந்தமோ நிரந்தரமோ பார்க்காமல் குப்பை அள்ளுகிற, ஆஸ்பத்திரி கூட்டுகிற அத்தனை பேருக்கும் ஃபுளூ ஊசி இலவசமாகப் போட வேண்டும். அதுவும் ‘வந்து போட்டுக்கொள்’ என்று இல்லை. காலை ஆறு மணிக்கு வருகைப்பதிவு எடுக்கிற அந்த இடத்துக்கே ஐஸ் பெட்டி வர வேண்டும். கர்ப்பமான பெண்களுக்கும் அறுபது தாண்டினவர்களுக்கும் காலனிக்குள்ளேயே போட வேண்டும். காய்ச்சல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஏழு நாள் சம்பளத்தோடு லீவு, ஒப்பந்தத்திலேயே அதை எழுத வேண்டும். மழைக்கு முன்னால் தொகுப்பு வீடுகளின் கூரையைப் பார்க்க வேண்டும். மழை மாதங்கள் மூன்றுக்கும் காலனிக்கு சிலிண்டர் இலவசம். ஊர்த்தெருவின் கடைசி வீட்டைத் தாண்டி வராத துணை சுகாதார நிலையத்தின் அடுத்த கட்டடமாவது காலனியில் எழும்ப வேண்டும்; ஊர்க்காரர்கள் வேண்டுமானால் நடந்து வரட்டும்.

கடைசிக் கோரிக்கையை எடுத்துவிடுங்கள், அது சண்டையைக் கிளப்பும் என்று ஒரு தோழர் சொன்னார். எடுக்கவில்லை.

இப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். பகலில் சூப்பர்வைசர் பார்க்கிற இடத்தில் போடப் பயப்படுகிறார்கள், பெயரைக் குறித்துக்கொண்டு மறுநாள் வேலை இல்லை என்று சொல்லிவிடுவான் என்று. அதனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடு வீடாகப் போகிறோம். பெரிம்மா டார்ச் அடிக்க, அண்ணி மைப்பெட்டியைப் பிடித்துக்கொள்ள, அன்றைக்குக் கக்குவானில் நீலம் பாரித்த பிள்ளை இப்போது பதினோராம் வகுப்பு முடித்துவிட்டது, அதுதான் மனுவைப் படித்துக் காட்டுகிறது. நேற்றுவரை 214 கையெழுத்து. அதில் 90 கைநாட்டு.